ஒரு சுற்றுக்கு எவ்வளவு

ஐந்தா, பத்தா?
இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.
அதுதான் கஷ்டம்.
ஒன்று மலிவென்றால்
காசைச் சாட்டி நித்திரை கொண்டிருப்பேன்.

கோண்டாவிலில், தண்டவாளத்துக்கு இப்பால்
எங்கள் தகரக் கூரைப் பட்டறை.
நாளை காலை எட்டு மணிக்குள்
கொழும்பு முகவருக்கு எண் சொல்ல வேண்டும்.
சொன்னால் கப்பல், சுங்கம், லொறி,
ஒன்பது கிழமை.
பிழையான எண்ணும்
அதே ஒன்பது கிழமை எடுத்து
அதே கவனத்தோடு
எண்ணெய்த்தாள் சுற்றி வந்து சேரும்.

பதினாறு மில்லிமீற்றர் உருக்குத் தண்டு.
புரிக்குள் மிளகளவு குண்டுகள் உருள
மோட்டர் ஒருமுறை சுற்றினால்
நட்டு எவ்வளவு தூரம் போகும்?
கேள்வி இவ்வளவுதான்.

"பத்தைப் போடு, ஆரபி" என்றான் றெக்சன்.
"நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து, பத்து மீற்றர்.
ஐஞ்செண்டால் அதில பாதி.
ஆர் காத்துக்கொண்டு நிக்கிறது?"
மோட்டர்சைக்கிளையும் அவன் அப்படித்தான் ஓடுவான்.

கொப்பியில் பிரித்துப் பார்த்தேன்.
ஆயிரத்து அறுநூறு துடிப்புக்கு ஒரு சுற்று.
பத்து என்றால் ஒரு துடிப்புக்கு
மில்லிமீற்றரில் நூற்றறுபதில் ஒன்று.
ஐந்து என்றால் முன்னூற்றிருபதில் ஒன்று.
பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தேன்.
அரைக்காணி. முந்திரி.
ஓலையில் நெல்லளந்து எழுதியவர்கள்
இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.
ஊர் முழுக்கக் காணிக்கு வழக்குப் பேசுகிறது,
நாங்கள் இங்கே முந்திரிக்கு.

றெக்சனுக்கு இது சிரிப்பில்லை.
"முந்திரியை ஆர் கண்ணால பாக்கிறது?"
ஒருவரும் பார்ப்பதில்லை. உண்மை.

ஆனால் ஆவணியில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம்.
பல் வைத்தியர் சுகவதனிக்குப்
பித்தளையில் பெயர்ப்பலகை.
மேலும் கீழும் போகிற தண்டில் அன்று பத்து.
ஓர் எழுத்து முடிந்து, கத்தி தூக்கி,
அடுத்த எழுத்துக்குப் போகும் வழியில்
கறண்ட் நின்றது.
மோட்டரின் பிடி விட்டது.
நாலரைக் கிலோத் தலை
சுழன்ற கையோடு வழுக்கி இறங்கி
'க'வின் உச்சியில்
ஒரு புள்ளி வைத்தது.

சுக்வதனி.

புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் மிஞ்சும் என்று
ஆறாம் வகுப்பில் படித்ததை
அன்றுதான் இயந்திரமும் படித்தது.

வைத்தியர் வந்தார்.
துளைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தார்.
"துளை நல்ல துப்புரவாத்தான் இருக்கு" என்றார்.
"நிரப்பித் தரட்டோ?"

ஆகவே மேல்கீழ் அச்சுக்கு ஐந்து.
ஐந்தும் வழுக்கும்தான், கொஞ்சம் ஆறுதலாக.
அதனால் பிறேக் வைத்த மோட்டர்.
அதற்கு வேறாகப் பதினெட்டாயிரம்.
றெக்சன் ஒன்றும் பேசவில்லை.
அன்று பலகையைக் கழற்றியது அவன்.

நீள அச்சில் அவன் வென்றான்.
ஒன்றரை மீற்றர் மெல்லிய தண்டு.
அதில் ஐந்தைப் போட்டு வேகம் கேட்டால்
இரண்டு மடங்கு சுற்ற வேண்டும்.
சுற்றினால் நடுவில் வளைந்து
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறடிப்பதுபோல் அடிக்கும்.
சத்தம் காங்கேசன்துறைக்குக் கேட்கும்.
அங்கே பத்து,
நிதானமாகச் சுற்றி, தூரம் போகட்டும்.
"சொன்னன்தானே" என்றான்.
ஓம், சொன்னாய்,
ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக இல்லை.

இரவுக் கோச்சி போகிறது.
மேசையில் வேர்ணியர் நடுங்கி நடுங்கி
ஓரத்துக்கு வருகிறது.
கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறேன்:
மேல்கீழ், ஐந்து.
நீளம், பத்து.
குறுக்கு,

அறுநூறு மில்லிமீற்றர்.
இரண்டும் சரிவரும்.
இரண்டும் சரிவருகிற இடத்தில்
கொப்பி உதவாது.
றெக்சன் பிளேன்ரீ ஊற்றப் போய்விட்டான்.
கோடு வெறுமையாக இருக்கிறது,
எட்டு மணிவரைக்கும்.